நல்லாத் தேறி வர்றார்

குறுக்குத்துறையில் கல்மண்டபத்தின் மேலிருந்து பையன்கள் ஆற்றில் குதிக்கிற சத்தங்களில் ஒன்றை மட்டும் சண்முகவடிவுக்கு இன்றைக்கும் தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரியும். மற்றவர்கள் விழுந்தால் அறை வாங்கினது போலத் தண்ணீர் அலறும். அந்த ஒருவன் விழுந்தால் சளக் என்று ஒரு சின்னச் சத்தம், பட்டுத்துணியை நகத்தால் கீறினது போல, அவ்வளவுதான். ஆறு வாயைத் திறந்து அவனை வாங்கி உடனே மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் இருக்காது. பெண்கள் துறையில் பாவாடையை அலசிக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயது வடிவு அந்த ஒன்றுமில்லாத நேரம் முழுக்கத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எங்கேயோ தள்ளி, யாரும் எதிர்பாராத இடத்தில், அத்தை மகன் சங்கரலிங்கம் தலையை உதறிக்கொண்டு எழும்புவான். அவள் மூச்சை விடுவாள். இவனுக்குத்தான் இவள் என்று பெரியவர்கள் வாய்விட்டுப் பேசுவதற்கு ஆறு வருஷம் முன்பே அவள் காது அவனைக் கட்டிக்கொண்டுவிட்டது. எத்தனை நீளமான முதுகு. ஆற்றிலிருந்து ஏறி வரும்போது தண்ணீர் அந்த முதுகில் நிற்க இடமில்லாமல் வழுக்கி ஓடும். அந்த உடம்புதான் இப்போது காலை ஆறேகால் மணிக்குச் சிந்துபூந்துறை வீட்டின் உள்ளறையில், கட்டிலில், நனைந்த துணிமேல் கிடந்தது. அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருப்பதுதான் இன்றைக்கு அவளுடைய வேலை. பத்து மணிக்கு அவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது.

பதினோரு வருஷத்தில் இந்த நேரத்தில் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்ததே இல்லை. ஐந்தரைக்குத் துணி மாற்றியிருக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்கு இடப்பக்கம் புரட்டியிருக்க வேண்டும். கை அதுபாட்டுக்கு எழுந்து எழுந்து மடியில் விழுந்தது, கட்டிப்போட்ட கன்று மாதிரி. மூத்திர வாடை மெல்ல வந்தது. அது அவளுக்குப் பழகின வாடைதான், ஆனால் அது வந்துவிட்டுப் போகிற வாடை, இப்படிச் சம்மணம் போட்டு உட்காருகிற வாடை இல்லை. சங்கரலிங்கம் விழித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "பொறவு?" என்றார். அவரிடம் மிச்சமிருக்கும் சொல் அது ஒன்றுதான். மோட்டார் காயில் கட்டும் கடையில், செப்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த கையோடு அப்படியே சாய்ந்தபோது, கடைசியாக வாடிக்கைக்காரரிடம் என்ன சொல்ல வாயெடுத்தாரோ, அந்த வாக்கியத்தின் முதல் சொல் மட்டும் தொண்டையில் தங்கிவிட்டது. மற்ற எல்லாம் வலது கையோடும் வலது காலோடும் போய்விட்டது. பசித்தாலும் பொறவு, மின்விசிறி வேண்டாமென்றாலும் பொறவு, பேத்தி போனில் பேசினாலும் பொறவு. வடிவு அதில் பதினெட்டு விதம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இழுத்துச் சொன்னால் தண்ணீர். நறுக்கென்று சொன்னால் ஆளை வெளியே அனுப்பு. மூக்கால் சொன்னால் கேலி. இப்போது கேட்டது, நீ ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது. அவள் காதில் விழாதது போல ஜன்னலைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அதையும் செய்ததில்லை.

எல்லாம் ஜெசிந்தா சொல்லித்தான். வீடு வீடாக வந்து இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற சுகாதாரப் பணியாளர். இந்தத் தெருவுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வந்த முதல் வாரமே, "அண்ணனுக்குச் சர்ட்டிபிகேட் இருக்கா யக்கா?" என்று கேட்டாள். வடிவு பீரோவிலிருந்து, மகள் உலகம்மையின் ஜாதகத்தோடு பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ஜெசிந்தா அதைப் படித்தாள், கட்டிலைப் பார்த்தாள், மறுபடி படித்தாள். "இவங்கதானா இது? தன் வேலையத் தானே பாத்துக்கிடுவாருன்னு போட்டிருக்கு. பராமரிப்பவர் யாருமில்லன்னு கோடு இழுத்திருக்கு. இத வச்சிக்கிட்டா பத்து வருஷமா சும்மா இருந்திய?" அப்புறம்தான் விவரம் சொன்னாள். இவர் மாதிரி முழுக்கப் பிறர் கையில் இருக்கிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு. "பாத்துக்கிடுதவங்கன்னா யாரு?" என்று வடிவு கேட்டாள், உண்மையிலேயே தெரியாமல். "நீங்கதான்." "நான் பொண்டாட்டில்லா." ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "பொண்டாட்டிங்கது ஒறவு யக்கா. இது வேலை." வடிவுக்கு அது பிடிக்கவில்லை. சமைப்பதை, அவர் முகத்தைத் துடைப்பதை, ராத்திரி எழுந்து புரட்டிப்போடுவதை யாரோ எடுத்துத் தராசில் வைத்தது மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. பாத்திரம் கழுவும்போது வந்தது. வேலை. வேலை என்றால் அதில் கெட்டிக்காரி உண்டு, கெட்டிக்காரி இல்லாதவளும் உண்டு. அப்படிப் பார்த்தால் தான் யார் என்று அவளுக்குத் தெரியும். ஜெசிந்தா எழுதிப்போட்ட மனுவைப் பார்த்து, டாக்டரும் அலுவலரும் வீட்டுக்கே வந்து சோதிக்க இன்றைக்கு நாள் குறித்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் ஜெசிந்தா மறுபடி வந்து, குரலை இறக்கிக்கொண்டு, "யக்கா, ஒண்ணு சொன்னாக் கோவப்படக் கூடாது. நாளைக்கு அவங்க வாறதுக்கு முந்தி அண்ணனக் குளிப்பாட்டாதீங்க. சவரம் பண்ணாதீங்க. துணி மாத்தாதீங்க. மாப்பிள பாக்க வாறவகளுக்கு உக்கார வைக்கிற மாதிரி உக்கார வைக்காதீங்க. உள்ளத உள்ளபடி பாக்கட்டும்" என்றாள். "ஏன், நான் வச்சிருக்கது இல்லாததா?" "ஐயோ யக்கா. நீங்க வச்சிருக்கதப் பாத்தா யாருக்கும் ஒண்ணுமில்லன்னுல்லா தோணும்."

அது மெய்தான். பள்ளிக்கூட மைதானத்தில் அந்தச் சர்ட்டிபிகேட் கொடுக்கிற முகாம் நடந்தபோது அப்படித்தான் ஆயிற்று. பக்கவாதம் வந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. முகாமென்று கேள்விப்பட்டதும் வடிவு மூன்று வாரம் ஒத்திகை நடத்தினாள். இடது கையை நெற்றிக்கு உயர்த்தி வணக்கம் சொல்லப் பழக்கினாள். சிரிக்கும்போது வலது கடைவாய் இறங்காமலிருக்க முகத்தைச் சற்றுச் சாய்த்து வைக்கப் பழக்கினாள். அன்று காலை நாலு மணிக்கே குளிப்பாட்டி, உலகம்மை கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகை வேட்டியைக் கட்டி, திருநீறு பூசி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பிடிக்க வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். ஒருவர் கண்ணுக்கும் அவர் பரிதாபமாகத் தெரியக்கூடாது. டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் முந்நூறு பேர். "கையைத் தூக்குங்கய்யா." இவர் இடது கையை ராணுவக்காரர் மாதிரித் தூக்கிச் சிரித்தார். வடிவுக்குப் புல்லரித்தது. "தானாச் சாப்பிடுவாரா?" "சாப்பிடுவாக." "கக்கூஸ் போறதெல்லாம்?" பின்னால் வரிசையில் அவளுடைய தெருவே நின்றது. அவருடைய கடையில் மோட்டார் கட்டக் கொடுத்தவர்கள், அவரோடு ஆற்றில் குதித்தவர்கள். அவர்கள் காதுபட, அவர் காதுபட, எந்தப் பெண்டாட்டி அதைச் சொல்லுவாள்? "போவாக" என்றாள். "வீட்ல பாத்துக்க யாராவது இருக்காங்களா?" என்று பக்கத்திலிருந்த எழுத்தர் கேட்டார். "யாரும் இல்ல சார், நாந்தான்" என்றாள். எழுத்தர் ஒரு சின்னக் கோடு இழுத்தார். அவர் மேலும் தப்பில்லை. அவள் சொன்னதில் பாதியைத்தான் அவர் எழுதினார், ஆனால் அந்தப் பாதியைத்தான் அவள் முதலில் சொன்னாள். டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து, "நல்லாத் தேறி வர்றார்" என்றார். அந்த மூன்று சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பத்து வருஷம் அதை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். டாக்டரே சொன்னார். நல்லாத் தேறி வர்றார். அந்தக் காகிதம் எதைத் தரும், எதைத் தராது என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பரிட்சையில் தேறின பிள்ளையின் மார்க் ஷீட் மாதிரிப் பீரோவில் வைத்தாள்.

அன்றைக்கு வரிசையில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். பதினைந்து வயது மகனை வெறும் சாக்கின்மேல் தரையில் கிடத்தியிருந்தாள். அவன் வாயோரம் எச்சில் காய்ந்து, ஈ மொய்த்தது. அவள் விரட்டவில்லை. டாக்டரைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு, இவன் பீ மூத்திரம் எல்லாம் என் கையில்தானே ஐயா என்று மைதானம் கேட்க அழுதாள். வீட்டுக்கு வந்ததும் வடிவு அவரிடம், "மானங்கெட்டவ அத்தான், பெத்த பிள்ளைய இப்படியா நாலுபேர் பாக்கப் போடுவா" என்றாள். அவர் மூக்கால் ஒரு பொறவு சொன்னார். இருவரும் சிரித்தார்கள். பேராச்சி அந்த மகனை எத்தனை மைல் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை. இன்றைக்கு, ஏழு மணி ஆகப்போகிற இந்த வேளையில், துணி நனைந்து கிடக்கும் புருஷனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யோசித்தாள். ஒருவேளை அவள் ராத்திரி முழுக்க அவனைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தாளோ, யாரோ ஒரு ஜெசிந்தா அவளிடமும் சொன்னாளோ, அவள் கையும் மடியில் இப்படித் துடித்ததோ. தெரியாது. எங்கே இருக்கிறாளோ. தான் சொன்ன சொல் மட்டும் இங்கேயே இருந்தது, பத்து வருஷம் கழித்து வாசல் தேடி வந்து உட்கார்ந்திருந்தது.

ஆனால் உள்ளதை உள்ளபடி என்றால், இந்த அழுக்கா உள்ளது? பேராச்சியை நினைத்தாலும், தன்னைக் குறைத்துக்கொள்ள முடியாத ஒரு இடம் அவளுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு நர்ஸ் சொன்னாள், நல்ல எண்ணத்தோடுதான்: "மூணு மாசத்துல முதுகு புண்ணாயிரும்மா. எல்லாருக்கும் ஆகும். மனசத் தேத்திக்கோங்க." அந்த நீளமான முதுகா? வடிவு வீட்டுக்கு வந்து தன் பழைய நூல்சேலைகளை எல்லாம் எடுத்து வெந்நீரில் போட்டுப் போட்டு அலசி, பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற பதத்துக்குக் கொண்டுவந்தாள். சேலையை நாலாக மடித்து அவர் அடியில் விரித்து, மறுபுறம் நின்று அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் எவ்வளவு கனமான ஆளும் புரளுவார் என்று தானே கண்டுபிடித்தாள். உரசி இழுக்கக்கூடாது, தூக்கின மாதிரி இழுக்க வேண்டும். அது கையில் வர ஒரு வருஷம் ஆயிற்று. முழங்கால்களுக்கு நடுவில் இலவம்பஞ்சுத் தலையணை. குதிகால் படுக்கையில் படாமல் ஒரு சுருணை. தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும், ஜவ்வரிசிக் கஞ்சி பதத்தில் எல்லாம் இறுக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டல், ராத்திரியும். அலாரம் வேண்டாம், உடம்பே எழுப்பிவிடும். மூன்று மாதம் போயிற்று, மூன்று வருஷம் போயிற்று, பதினோரு வருஷம் போயிற்று. ஒரு சிவப்புத் தடம்கூட அந்த முதுகில் விழவில்லை. யாரிடம் போய் இதைச் சொல்வது? ஒன்று நடக்காமலிருந்ததை எப்படிக் காட்டுவது? உலகம்மையிடம் ஒருமுறை சொன்னாள். ஓசூரிலிருந்து மகள், "சரிம்மா, நீ வேளைக்குச் சாப்பிடுதியா?" என்றாள். சுத்தமான ஆளைப் பார்த்தால், ஒண்ணுமில்லை என்பார்கள். அழுக்கான ஆளைப் பார்த்தால், பெண்டாட்டி சரியில்லை என்பார்கள். இரண்டு பார்வையிலும் அவள் இல்லை. அவள் எங்கேதான் நின்றால் தெரிவாள்? யோசனை அந்த இடத்துக்கு வந்து வந்து முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும் போலிருந்தது.

அந்தப் பணம் வேண்டாம் என்று எழுந்துவிடலாம். அப்படி எழுந்துவிடக்கூடியவள்தான் அவள், போன மாதம் வரை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, குளியலறை நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கும்போது அவளுடைய வலது தோள் இல்லாமல் போயிற்று. வலிகூட முதலில் இல்லை. தோள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இருவரும் ஈரத் தரையில் சரிந்தார்கள். அவர் கனம் முழுக்க அவள் இடுப்பின்மேல். தலை அடிபடாமல் தன் கையைக் கொடுத்துவிட்டாள், அது மட்டும் பழக்கம். கதவு உள்ளே தாழ். கூப்பிட்டிருக்கலாம், பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. இருவருடைய கோலத்தையும் நினைத்துக் கூப்பிடவில்லை. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம். அவர் காதோரம் அவள் முகம் இருந்தது, கல்யாணமான புதிதில் இருந்தது போல. "அத்தான், நாளைக்கும் இப்படி ஆச்சின்னா என்ன செய்ய?" என்று கேட்டாள்.  எப்படியோ அங்குலம் அங்குலமாக நகர்ந்து கதவை உதைத்துத் திறந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து குளியல் கட்டிலிலேயேதான். அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டலிலும் ஒரு பயம், சேலையைப் பிடிக்கும்போதே விரலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவள் கை தோளுக்கு மேலே உயராது என்பதை ஜெசிந்தா மட்டும், மருந்துப்பெட்டியை அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டுப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டாள். "காலையில ஒரு மணி நேரம் ஒரு ஆம்பள ஆள வச்சிக்கிடலாம் யக்கா, அந்தத் தொகை வந்தா. நீங்களும் விழுந்திட்டிய்யன்னா அண்ணன ஹோம்லதான் கொண்டு விடணும்" என்றாள். ஹோம். அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யார் புரட்டுவார்? மூன்றே மாதம். நர்ஸ் சொன்னது ஜெயித்துவிடும். அதனால்தான் வடிவு சரியென்றாள். அதனால்தான் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் முதுகைக் காப்பாற்ற ஒரு காலை நேரம் அந்த முதுகை ஈரத்தில் போட வேண்டுமென்றால் போடத்தான் வேண்டும். வேலைதானே.

ஏழே கால். ஒரு ஈ வந்தது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது, மருந்துக் குப்பியில் உட்கார்ந்தது, பிறகு சங்கரலிங்கத்தின் வலது கன்னத்தில், உணர்ச்சியில்லாத பக்கத்தில், வந்து உட்கார்ந்தது. அவருக்குத் தெரியவில்லை. அது நடந்து கடைவாய்க்கு வந்தது. உதட்டில் காலைத் தேய்த்துக்கொண்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லாமல், ஒன்றும் கேட்காமல், அவள் எதைச் செய்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை, பதினோரு வருஷம் அவள் உழைத்துச் சம்பாதித்த பார்வை. அவள் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "சீ, போ" என்று ஈயை அடித்தாள். கை வலித்தது. "இந்தா வந்துட்டேன் அத்தான், இந்தா, இந்தா" என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் தண்ணீரை வைத்தாள். ஜெசிந்தா திட்டட்டும். அரசாங்கம் திட்டட்டும். நனைந்ததை உருவினாள், இடது கையால் சேலை ஓரத்தைச் சுற்றிப் பிடித்துப் புரட்டினாள், வெந்நீரில் துண்டை நனைத்துக் கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் கைக்கு உயிர் வந்தது. மடிப்பு மடிப்பாகத் துடைத்தாள், பவுடர் போட்டாள். பிறகு சவரம். வலது கன்னம் தொங்கும், கத்தி நழுவும். வாய்க்குள்ளே சுட்டுவிரலைக் கொடுத்துக் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிப் பிடித்தால்தான் ஒழுங்காக வரும். இதுவும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் எப்போதும்போல அந்த விரலை மெல்லக் கடித்தார். "குறும்பு போகல பாரு" என்றாள். மூக்கால் ஒரு பொறவு.

வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது முள்ளில் மாட்டியிருந்த அந்த யோசனை தானாகக் கழன்றது. மைதானத்தில் அவள் செய்த தப்பு வேட்டி கட்டினதில் இல்லை. வாயில்தான். உடம்பைத் துடைத்தது போலப் பேச்சையும் துடைத்து வைத்தாள். அவரை மறைத்தாள் என்று நினைத்துத் தன்னையும் மறைத்தாள். அவரைச் சுத்தமாகவே வைத்திருக்கலாம், எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சொல்ல மட்டும் வேண்டும். ஆனால் அதுதானே ஈரத்துணியைவிடக் கஷ்டம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். எல்லாம் புரியும். அன்றைக்கு வரிசையில் தெரு நின்றது, இன்றைக்குத் தெரு இல்லை, ஆனால் அவர் இருக்கிறார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்தாள். "அத்தான், இன்னைக்கு வாறவகட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். ஒளிக்கப் போறதில்ல. கக்கூஸ் விஷயமும் சொல்லுவேன். குளியலறையில விழுந்ததும் சொல்லுவேன். கேட்டுக்கிட்டுக் கிடப்பியளா?" அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே யாரோ மீன்காரரோடு விலை பேசி முடித்துவிட்டுப் போனார்கள். பிறகு, "பொறவு" என்றார். தண்ணீரும் இல்லை, கேலியும் இல்லை. பதினெட்டில் எதுவும் இல்லை. வடிவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் தனக்குத் தெரியாத ஒன்று இருந்தது, அதற்காக அவளுக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

பத்து மணி என்றவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். சின்ன வயது டாக்டர் அம்மா, கோப்போடு ஒரு அலுவலர், பின்னால் ஜெசிந்தா. ஜெசிந்தா உள்ளே வந்து, வெள்ளை வேட்டியையும் பளபளவென்ற முகத்தையும் பார்த்தாள்; அவள் தலை மெல்லத் தொங்கிப் போயிற்று. அலுவலர், "இவரா? நல்லாத்தானே இருக்கார்" என்றார். வடிவு நிமிர்ந்து நின்றாள். "நல்லா இருக்காக சார். ஏன் நல்லா இருக்காகன்னு கேளுங்க." அலுவலர் கோப்பைத் திறந்த கையோடு நின்றார். அவள் ஆரம்பித்தாள். அழவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஐந்தரை மணித் துணியிலிருந்து ஆரம்பித்தாள். எத்தனை தரம் நனையும், எப்படிச் சுத்தம் செய்வாள், மலம் இறங்காத நாளில் என்ன செய்வாள், எப்படிக் கையுறை போடுவாள், இடது கை உயரும் ஆனால் கவளத்தைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகாது, நாலு வருஷம் முன்புவரை பாதியாவது போகும், இப்போது அதுவும் இல்லை, ஜவ்வரிசி, தலையணை, ராத்திரிப் புரட்டல், வாய்க்குள் விரல். சொல்லச் சொல்லக் குரல் கெட்டிப்பட்டது. தறிக்காரர் தன் தறியைச் சொல்வது போல, கொத்தனார் தன் சுவரைச் சொல்வது போலச் சொன்னாள். குளியலறையில் விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போனாள். "தோள் போச்சு டாக்டரம்மா. இனிமே எங்கையால தனியா முடியாது. அதுக்குத்தான் கேக்கேன். போன தடவை எல்லாம் தானாச் செய்வாகன்னு சொன்னது நாந்தான். பொய். வெளிய சொல்ல வெக்கப்பட்டுச் சொன்ன பொய்." டாக்டர் அம்மா கட்டிலண்டை வந்து, "திருப்பலாமா?" என்றாள். இருவருமாகச் சேலையைப் பிடித்தார்கள். சட்டையை உயர்த்தினாள். நீளமான முதுகு, ஜன்னல் வெளிச்சத்தில், வழவழவென்று. டாக்டர் இடுப்பெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள், குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். "எத்தனை வருஷம்?" "பதினொண்ணு." "படுக்கையிலயே?" "படுக்கையிலயே." "சார், இங்க வந்து பாருங்க" என்றாள் டாக்டர் அம்மா. "எங்க வார்டுல எனக்கு இப்படி ஒரு முதுகு காட்டுங்க பார்ப்போம்." வடிவு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டாள். முகம் சுட்டது. பதினோரு வருஷத்தில் முதல்முதலாக ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

மறுபடி மல்லாக்கக் கிடத்தியதும் டாக்டர், "ஐயா, கையைத் தூக்குங்க" என்றாள்.  அந்த ராணுவ வணக்கம் வரப்போகிறது. சங்கரலிங்கம் டாக்டரைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார். இடது கை வணக்கத்துக்குப் போகவில்லை. மெல்ல மார்பைக் கடந்து போய், வலது மணிக்கட்டைப் பிடித்தது, அந்தச் செத்த கையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தியது, எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் பிடித்திருந்தது, பிறகு விட்டது. கை மெத்தையில் விழுந்தது. "பொறவு" என்றார், டாக்டரைப் பார்த்து, தெளிவாக. காலையில் கேட்ட அதே பொறவு. அது என்னவென்று இப்போது வடிவுக்குத் தெரிந்தது. சொல்லு, நானும் சொல்லுகிறேன் என்பது. அலுவலர் பேனாவைத் திருகினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "பராமரிப்பவர் பெயர் சொல்லுங்கம்மா." "சண்முகவடிவு" என்றாள் அவள். "சவுந்திரபாண்டியன் மக, சங்கரலிங்கம் பொண்டாட்டி. முழுசா எழுதுங்க சார், இடம் இருக்குல்லா." ஜெசிந்தா வாசற்படியில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, ஒரு காப்பித்தண்ணி கிடைக்குமா? சும்மா பயங்காட்டிட்டிய என்னய" என்றாள்.

உதவித்தொகை உத்தரவு மாசி மாதம் வந்தது. முந்தின பத்து வருஷத்துக்கு எதுவும் இல்லை, விதியில் இடமில்லை. பங்குனியிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் பேட்டையிலிருந்து சுடலைமுத்து என்பவர் வந்து போனார். சங்கரலிங்கம் அதன் பிறகு நான்கு வருஷம் ஏழு மாதம் உயிரோடிருந்தார்.